வேலை கொடுத்த மறுநாள்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆலை மேலாளர்களே, வணக்கம்.

திருநங்கைகளுக்கு வேலை கொடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அதைப் பல மேடைகளில் கேட்டாயிற்று, கைதட்டலும் வாங்கியாயிற்று. கொடுத்த மறுநாள் என்ன ஆகிறது என்று பேசத்தான் வந்தேன்.

2017-இல் கொச்சி மெட்ரோ திருநங்கைகளை வேலைக்கு எடுத்தது. நாடே பாராட்டியது. கொஞ்ச நாளிலேயே சிலர் நின்றுவிட்டார்கள். வேலை தெரியாமல் இல்லை, குடியிருக்க வீடு கிடைக்காமல். லாட்ஜில் தங்கினால் சம்பளம் அதற்கே சரியாகிவிடும். நம் சிப்காட்டில் மட்டும் வேறு மாதிரி நடக்குமா? முதுநகரில் ஓர் அறை கேட்டுப் பாருங்கள். "வீட்டுக்காரர் ஊரில் இல்லை" என்பார்கள். சொல்கிறவர்தான் வீட்டுக்காரராக இருப்பார். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி பெயரில் வீடு எடுத்துத் தருகிறீர்களே, இவர்களுக்கும் அப்படியே எடுங்கள்.

அப்புறம், நகரப் பேருந்தில் 2021 முதல் திருநங்கைகளுக்கும் கட்டணமில்லை. ஆலை வாசல் வரை காசில்லாமல் வந்துவிடலாம். உள்ளே? செக்யூரிட்டி சோதனைக்கு எந்த வரிசை, போக எந்தக் கழிப்பறை? யாரும் சொல்வதில்லை. அதனால் தண்ணீரே குடிக்காமல் ஷிஃப்டை ஓட்டுகிறவர்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று வரும், லீவு எடுக்க வேண்டும், பின்னாலேயே "ஒழுங்காக வருவதில்லை" என்று மெமோ வரும். கோப்பைப் புரட்டினால் பாகுபாடு என்று ஒரு வரி இருக்காது. பெண் என்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிகளின் கதை இன்னும் வெளியே வருவதேயில்லை. மீசை வைத்த ஆளை, சான்றிதழில் இருக்கும் பெண் பெயரைச் சொல்லி எல்லார் முன்னாலும் கூப்பிட்டு வருகை எடுத்தால் எத்தனை நாள் வருவார்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இவர்களுக்கும் சம உரிமை உண்டு என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019-இல் இவர்களின் உரிமைகளுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. வேலையிலோ பதவி உயர்விலோ எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது பிரிவு 9. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு புகார் அலுவலர் வேண்டும் என்கிறது பிரிவு 11. ஆனால் 2019-இல் தண்டனைக்குரிய குற்றங்களைப் பிரிவு 18-இல் வரிசையாக எழுதியவர்கள், வேலை மறுப்பதை அதில் எழுதவில்லை. அங்கேதான் சங்கம் நிற்க வேண்டும்.

சங்கத்தையும் நான் சும்மா விடுவதாக இல்லை. கேன்டீனில் இடுப்பை ஒடித்து நடந்து காட்டிக் கேலி செய்கிறவரும் நமக்குச் சந்தா கட்டுகிறவர்தான். மாநாட்டில் தீர்மானம் போட்டுவிட்டு அவரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால், நிர்வாகத்திடம் எந்த முகத்தோடு பேசுவது?

சரி, கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மேலாளர்கள் ஒவ்வொருவரையும் கேட்கப் போகிறேன், உங்கள் ஆலையின் புகார் அலுவலர் யார் என்று. பெயர் சொன்னால் குறித்துக்கொள்கிறேன். சொல்ல முடியாதவர்களுக்கு, அடுத்த பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கு மேலே அதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.