குடிலில் வளராத பிள்ளை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மார்கழிக் குளிரில் நம் வீடுகளில் குடில் கட்டுகிறோம். வைக்கோல் பரப்பி, காகிதத்தில் மலை செய்து நிறுத்தி, நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் கைகளை விரித்துக் கிடக்கும் குழந்தை இயேசுவின் சிறு உருவத்தை நடுவில் வைக்கிறோம். மூன்று அரசர் திருநாள் கழிந்தபின் பஞ்சில் பொதியப்பட்டுப் பெட்டிக்குள் போகிற அந்தப் பிள்ளை, மறு ஆண்டு வெளியே வரும்போதும் அதே அளவில்தான் இருக்கிறது. இதற்கிடையே தவக்காலம் வந்துவிடுகிறது. நான்கு மாதம் முடிவதற்குள் அவரைச் சிலுவையில் பார்த்துவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே தெருவில் ஓடியாடிய ஒரு சிறுவன் இருந்தான் என்பது நம் நினைவுக்கு வருவதே இல்லை. அந்தச் சிறுவனைக் கற்பனை செய்து எழுதும் வரலாற்றுப் புனைவைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

இயேசுவின் வாழ்க்கையை எழுதிய நற்செய்தியாளர்கள் நால்வரும் இதில் மிகவும் சிக்கனக்காரர்கள். மாற்கும் யோவானும் குழந்தைப் பருவத்தைத் தொடவே இல்லை. மத்தேயு எகிப்துக்கு ஓடிப்போனதையும் திரும்பி வந்ததையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். லூக்கா மட்டும் பன்னிரண்டு வயதில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தருகிறார்.

இந்த மௌனத்தைப் பொறுக்க முடியாதவர்கள் அன்றே இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘தோமாவின் குழந்தைப் பருவ நற்செய்தி’யில், ஐந்து வயது இயேசு ஓய்வுநாளில் ஓடைக்கரைக் களிமண்ணால் பன்னிரண்டு குருவிகளைச் செய்கிறார்; ஓய்வுநாளில் வேலை செய்யலாமா என்று கேட்டபோது கைதட்டுகிறார்; குருவிகள் பறந்துபோகின்றன. திருச்சபை இந்நூலைத் திருமறைக்குள் சேர்க்கவில்லை. ஆனாலும் கதை நிற்கவில்லை. களிமண் பறவைக்கு உயிர் வந்த செய்தி குர்ஆனிலும் இரண்டு இடங்களில் வருகிறது. ஜெர்மனியின் ஹம்பர்க் நூலகத்தில் வெகுகாலம் கவனிப்பாரின்றிக் கிடந்த, உள்ளங்கை அளவே உள்ள ஒரு பாப்பிரஸ் நாணல்தாள் துண்டில் இருப்பது இந்தக் குருவிக் கதைதான் என்று 2024இல் கண்டறிந்தார்கள். அது நான்காம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டினது. கையெழுத்து அவ்வளவு கோணல் என்பதால் யாரோ ஒரு மாணவர் எழுதிப் பழகிய ஏடாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எழுத்துப் பழகும் ஒரு கைக்கு, குருவி செய்த பிள்ளையின் கதை கிடைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

ஆயினும் அந்நூலை ஒரு புனைவாகப் படித்தால் மனம் ஒப்பவில்லை. அதில் வரும் சிறுவன் மோதிய பிள்ளையைச் சபித்துக் கொல்கிறான். ஊரார் தகப்பன் யோசேப்பிடம் வந்து, சபிக்காமல் ஆசீர்வதிக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடு, இல்லாவிட்டால் எங்களோடு குடியிருக்காதே என்கிறார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியரை, ‘முதல் எழுத்தின் இயல்பே உமக்குத் தெரியாதபோது இரண்டாம் எழுத்தை எப்படிக் கற்பிப்பீர்?’ என்று மடக்குகிறான். சபிப்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. எல்லாம் தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? அவனுக்கு நடக்கும் கதைதான் என்ன? லூக்காவோ அவர் ‘ஞானத்திலும் வளர்த்தியிலும்’ விருத்தியடைந்தார் என்கிறார். ஞானத்தில் வளர்ந்தார் என்றால், நேற்றுத் தெரியாத ஒன்று இன்று தெரிந்தது என்றுதானே பொருள்? 451ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய கால்செதோன் சங்கம் அவரை முழுமையான கடவுள், முழுமையான மனிதர் என்று வரையறுத்தபோது, அந்த முழு மனிதருக்குள் ஐந்து வயதின் அறியாமையும் அடங்கியிருந்தது. அந்த அறியாமையை எழுதத் துணிகிறவரே நல்ல புனைவாளர்.

அப்படித் துணிந்தவருக்கு வரலாறு வேண்டிய மட்டும் பொருள் தருகிறது. இயேசு வளர்ந்த கலிலேயா நாட்டு நாசரேத்திலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவில் செப்போரிஸ் என்ற நகரம் இருந்தது. கி.மு. 4இல் அரசன் ஏரோது இறந்தவுடன் எசேக்கியாவின் மகன் யூதா என்பவன் அங்கிருந்த அரண்மனை ஆயுதக் கிடங்கைச் சூறையாடிக் கிளர்ச்சி செய்தான்; சிரியாவின் ரோம ஆளுநர் வாருஸ் படையோடு வந்து நகரைத் தீக்கிரையாக்கி மக்களை அடிமைகளாக்கினார், பின்பு யூதேயாவில் இரண்டாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தார் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். எகிப்திலிருந்து யோசேப்பு குடும்பம் திரும்பிவந்த கலிலேயா அந்தக் கலிலேயாதான். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசி, பிள்ளை அருகில் வந்ததும் நிறுத்திக்கொள்ளும் ஒரு சொல்லாகச் சிலுவை அந்த வீடுகளில் புழங்கியிருக்காதா?

பிறகு இறந்த ஏரோதின் மகன் ஏரோது அந்திப்பா அந்நகரைப் புதிதாகக் கட்டினான். யோசேப்பின் தொழிலைக் குறிக்கும் ‘தெக்தோன்’ என்ற கிரேக்கச் சொல்லை நாம் தச்சர் என்கிறோம். மரவேலைக்காரரை மட்டுமல்ல, கட்டட வேலை செய்பவரையும் அது குறிக்கும். நம்மிடமும் கல்தச்சர் உண்டே. எனவே விடியலில் தகப்பனுக்குப் பின்னால் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு, கரிந்த சுவர்களைக் கடந்து வேலைக்குப் போகும் சிறுவனை ஒரு நாவலாசிரியர் காட்டினால், அது ஊகம்தான் என்றாலும் தரையில் கால் ஊன்றிய ஊகம். நற்செய்திகளில் செப்போரிஸின் பெயரே இல்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் யோசேப்பு ஒரு சொல்கூடப் பேசுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த ஊமைத் தகப்பனைப் பாட்டுடைத் தலைவராக்கி தேம்பாவணியின் 3615 பாடல்களில் வளன் என்ற பெயரில் பேசவைத்தவர் நம் வீரமாமுனிவர்.

வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பதிலும் எழுதுகிறவர் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று மாற்கு பெயர் சொல்லும் சகோதரர்கள் மரியாளின் பிள்ளைகள் என்பார் பல சீர்திருத்த சபையார். யோசேப்பின் முதல் மனைவியின் பிள்ளைகள் என்பது கீழைத் திருச்சபை மரபு. உறவுமுறைச் சகோதரர் என்றார் பழங்கால மறைநூல் அறிஞர் எரோணிமுஸ். பெரியப்பா மகனையும் அண்ணன் என்றே அழைக்கும் நமக்கு எரோணிமுஸின் வாதம் எளிதில் விளங்கும். எப்படியானாலும் பாயைப் பங்குபோட நாலு பேர் இருந்தார்கள்.

பன்னிரண்டு வயதில் எருசலேமில் நடந்த யூதர்களின் பஸ்காத் திருவிழாவுக்குப் போனபோது இயேசு தொலைந்துபோகிறார். திரும்பும் வழியில் ஒரு நாள் பயணம் போனபின்தான் பெற்றோர் உறவினர் கூட்டத்தில் தேடுகிறார்கள்; மூன்றாம் நாள் ஆலயத்தில் காண்கிறார்கள். அங்கே அவர் போதகம் செய்துகொண்டிருக்கவில்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினாவிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார் என்கிறார் லூக்கா. ‘உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே’ என்ற தாயின் குரலில் எந்த ஊர்த் தாயையும் கேட்கலாம். அவர் சொன்ன மறுமொழி அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்களோடு நாசரேத்துக்குப் புறப்பட்டுப் போனார், கீழ்ப்படிந்திருந்தார். அடுத்த அதிகாரம் திறக்கும்போது ரோமப் பேரரசன் திபேரியு இராயனின் ஆட்சியில் பதினைந்தாம் ஆண்டு நடந்துகொண்டிருக்கிறது.