முதலில் ராத்திரி டாக்டர், அப்புறம் கல்லூரி

(குடியாத்தத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். சாயங்காலப் பாலை ஊற்றிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் கையில் கேன்கூட அப்படியே இருக்கிறது. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்துக்கு ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று அரசுக்கு மனு கொடுக்கலாம் என்கிற பேச்சு கொஞ்ச நாளாக நடக்கிறது. அதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மாட்டு டாக்டர் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தியவன். வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று மாடு இருக்கும், அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு இருந்தது. நாலாவது ஈத்து. ஒரு மார்கழி மாதம் கன்று போட்டது. கிடேரி. நஞ்சுக்கொடி நல்லபடியாக விழுந்தது, சீம்பால் கறந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம். மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு வைக்கோல் போடப் போன என் மனைவி கொட்டகையிலிருந்து கத்திக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மாடு படுத்துக் கிடக்கிறது, தட்டினாலும் எழவில்லை. கழுத்தை மடக்கித் தலையை விலாவின்மேல் சாய்த்து வைத்திருந்தது. காதைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. எப்போதும் ஈரமாக இருக்கும் மூக்கு காய்ந்து போயிருந்தது.

மருந்தகத்து டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் அப்போது இரண்டு மருந்தகங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு விடுப்பில் வெளியூர் போயிருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், பகலெல்லாம் அலைகிற மனுஷன். வேறு இரண்டு இடத்தில் போனை எடுக்கவில்லை. தனியார் டாக்டர் ஒருவர் எடுத்தார். விடிந்ததும் வருகிறேன், அதுவரை மாட்டை ஒருக்களித்துப் படுக்க விடாதீர்கள், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வையுங்கள் என்றார். தவிட்டு மூட்டைகளை இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்தோம். சாக்கைப் போர்த்தினோம். என் மனைவி அதன் தலையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு மூச்சு நின்றுவிட்டது. கன்று அந்தப் பக்கம் கட்டுத்தறியில் கத்திக்கொண்டிருந்தது.

அது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போகும். கன்று போட்டதும் மடியில் பால் கட்டுகிற வேகத்தில் ரத்தத்தில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சட்டென்று இறங்கிவிடுகிறது. நிறையப் பால் கறக்கிற மாட்டுக்கும், மூன்று நாலு ஈத்து கண்ட மாட்டுக்கும்தான் அதிகம் வரும். வைத்தியம் என்னவென்றால், கால்சியம் பாட்டில் ஒன்றைக் கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றுவது. வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும், அதனால் நாமே செய்துகொள்ள முடியாது. படித்த கை வேண்டும். இரண்டு வருஷம் கழித்து இன்னொரு மாட்டுக்கு இதே மாதிரி வந்தது. அது பகல் நேரம், டாக்டர் வந்துவிட்டார். பாட்டில் பாதி இறங்கும்போதே மாட்டுக்கு உடம்பு உதறியது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று கன்றைத் தேடியது. ஒரு மாடு போனதற்கும் ஒரு மாடு பிழைத்ததற்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ராத்திரியும் பகலும்தான்.

சரி, கல்லூரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கியது, பிறகு வேப்பேரிக்குப் போனது. இரண்டாவது 1985இல் நாமக்கல்லில் வந்தது. நடுவில் 82 வருஷம். 1989இல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் அமைந்தது, நாட்டிலேயே அதுதான் முதல். 2012இல் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும், 2020இல் தலைவாசலிலும் உடுமலைப்பேட்டையிலும் தேனியிலும் கல்லூரிகள் வந்தன. ஆக ஏழு. வரைபடத்தைப் பார்த்தால் சென்னையை விட்டால் வட தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நமக்குக் கிட்டத்தில் இருப்பது ஆந்திராவில், திருப்பதியில் 1955இல் தொடங்கிய கல்லூரி. கேட்கிற நியாயம் நமக்கு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேசிய விவசாய ஆணையம் 1976இல் ஒரு அளவு சொன்னது: 5,000 மாட்டு அலகுக்கு ஒரு டாக்டர். ஒரு மாடு ஒரு அலகு, பத்து ஆடு ஒரு அலகு. 2019 கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் மாடு ஏறத்தாழ 95 லட்சம், எருமை 5 லட்சம், செம்மறி 45 லட்சம், வெள்ளாடு 99 லட்சம். கோழிகளை விட்டுவிடுவோம், அவற்றில் பெரும்பகுதியைப் பண்ணைக்காரர்களே டாக்டர் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மிச்சத்தைக் கூட்டி வகுத்தால் சுமார் 2,300 டாக்டர் வேண்டும். ஏழு கல்லூரியும் சேர்ந்து வருஷத்துக்குச் சில நூறு பேரை அனுப்புகின்றன. ஒருவர் முப்பது வருஷம் வேலை செய்வார் என்று வைத்தால், இந்த எண்ணிக்கை எட்டவே முடியாத உயரம் இல்லை. படித்து வருகிறவர்கள் எல்லாரும் கிராமத்துக்கு வருவதில்லை. கோழிப் பண்ணை, மருந்துக் கம்பெனி, வங்கி, நகரத்து நாய் பூனை மருத்துவமனை, மேல்படிப்பு, வெளிநாடு என்று போகிறார்கள். போகட்டும், அவரவர் பிழைப்பு. நம் கொட்டகைக்கு ராத்திரி வரவேண்டியவருக்கு ஒரு பணியிடம், ஒரு வண்டி, முறை மாற்றிக்கொள்ள இன்னொரு ஆள், இந்த மூன்றும் இருக்கின்றனவா என்பதுதான் என் கேள்வி. எட்டாவது கல்லூரி வந்தால் இந்த மூன்றும் தானாக வந்துவிடாது.

ஒரு அம்மா என்னிடம் கேட்டார், ‘சார், இங்கேயே காலேஜ் வந்தா நம்ம புள்ளைங்களுக்கு சீட்டு கிடைக்குமே?’ அவர் பெண் பிளஸ் டூ படிக்கிறாள், மாட்டைப் பார்த்து வளர்ந்த பெண், நிச்சயம் நல்ல டாக்டராக வருவாள். அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். இடம் மாநிலம் முழுவதற்கும் ஒரே கலந்தாய்வில், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். கல்லூரி எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர்ப் பிள்ளைக்கு அதனால் தனி இடம் கிடையாது. அந்தப் பெண்ணுக்குக் கைகொடுப்பது அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. அது இன்றைக்கே இருக்கிறது. ஐந்தரை வருஷப் படிப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ‘அப்ப ஹாஸ்டலுக்கு அனுப்பித்தான் படிக்க வைக்கணும்’ என்றார்.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு கதையை நினைவூட்டுகிறேன். நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் இருந்தார்கள், மூவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரிதான் அவரை டாக்டராக்கியது. 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு இதே குடியாத்தம் சாலையில் வழியெல்லாம் நின்று நின்று நோயாளிகளைப் பார்த்தார். மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். பதினெட்டு வருஷம் நோயாளியைப் பார்த்த பிறகு, ஆள் போதவில்லை என்றுதான் பள்ளி. இன்றைக்கு வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள், ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் கடைகளுக்கு வங்காளியில் போர்டு எழுதியிருக்கிறார்கள். தாய்மார்களையும் மாட்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. எதை முதலில் கட்டினார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

கால்நடைப் படிப்புக்கு இது இன்னும் பொருந்தும். சினைப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். தோள்வரை உறை போட்டு ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பையைத் தடவிப் பார்த்து இரண்டரை மாதமா மூன்று மாதமா என்று சொல்லவேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரல்தான் கண். புத்தகத்தைப் படித்து அது வராது. நூற்றுக்கணக்கான மாட்டில் கை பழகவேண்டும். நோயாளி வராத ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு கட்டடம் எழுப்பினால் பிள்ளைகள் சான்றிதழோடு வெளியே வருவார்கள், கைப்பழக்கம் இருக்காது. புதுக் கல்லூரிக்கு ஆசிரியர்களும் பழைய கல்லூரியிலிருந்துதான் வரவேண்டும். அங்கே ஒரு நாற்காலி காலியாகும்.

நம் பக்கத்தில் மாட்டுக்குக் குறைவா? செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து மாதச் சினை என்று தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் நாலு மாதம் காத்திருந்து ஏமாந்த கதை எத்தனை! செவ்வாய்தோறும் அங்கே ஒரு டாக்டர் உட்கார்ந்து சினை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதுவே பெரிய உபகாரம். பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் தோல் தொழிலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அம்மைத் தழும்பும் உண்ணி கடித்த ஓட்டையும் உள்ள ஆட்டுத் தோலுக்கு என்ன விலை கிடைக்கும் என்று அவர்களைக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மனசு நிறையும். வெக்கை நோய் என்று நம் தாத்தாக்கள் நடுங்கிய நோய், ஊர் மாட்டையெல்லாம் வாரிக்கொண்டு போகும். இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1995இல், நம் வட ஆற்காட்டில்தான். 2011இல் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். மனுஷனுக்கு வந்த பெரியம்மைக்குப் பிறகு உலகத்தை விட்டே துரத்தப்பட்ட இரண்டாவது நோய் அது. கல்லூரியில் படித்து வந்தவர்கள்தான் அந்த வேலையை நடத்தினார்கள், அதனால் கல்லூரி வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் நோய் ஒழிந்தது தடுப்பூசிப் பெட்டியோடு ஊர் ஊராக, கொட்டகை கொட்டகையாக ஆட்கள் போனதால். தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனமே நம் இராணிப்பேட்டையில் இருக்கிறது, 1932இல் தொடங்கிய நிறுவனம். கோழி வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிகேட் என்று பெயர் இருப்பதால் அது நம் இராணிப்பேட்டைதான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த ராணிகேட் இமயமலைப் பக்கம் இருக்கிறது. நோய் அங்கே பெயர் வாங்கியது, ஊசி இங்கே தயாராகிறது.

இப்போது 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது. நல்ல ஏற்பாடு, பயன்படுத்துங்கள். மாவட்டத் தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பார்கள். எழுந்து நிற்க முடியாமல் விழுந்து கிடக்கும் மாட்டை முப்பது கிலோமீட்டருக்கு மேல் எப்படிக் கொண்டுபோவது? டாடா ஏஸ் வண்டியில் ஏற்றவே எட்டு ஆள் வேண்டும், ஏற்றுவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

அதனால் நான் எழுதிய மனுவில் கல்லூரி என்ற சொல்லை முதல் பக்கத்தில் போடவில்லை. குடியாத்தத்தில் ராத்திரியும் திறந்திருக்கும் கால்நடை ஆஸ்பத்திரி, பெரிய மாட்டுக்கு அறுவை செய்யும் வசதி, முறை வைத்து வேலை பார்க்க நாலு டாக்டர், சாயங்காலம் ஆறு மணிக்கு மேலும் ஓடுகிற ஒரு வண்டி. இவ்வளவுதான் முதல் பக்கம். அந்த ஆஸ்பத்திரியில் தினமும் மாடு வரிசையில் நிற்க ஆரம்பித்ததும், அதையே பயிற்சி இடமாக வைத்து இங்கே கல்லூரி தொடங்குங்கள் என்று இரண்டாம் பக்கத்தில் கேட்டிருக்கிறேன். பயிற்சி டாக்டர்களாக இருக்கும் கடைசி வருஷப் பிள்ளைகளை அதுவரைக்கும் சென்னையிலிருந்தும் தலைவாசலிலிருந்தும் இங்கே அனுப்பலாம், நம் மாட்டில் கை பழகட்டும்.

மனு அந்த மேசைமேல் இருக்கிறது. உறுப்பினர் எண்ணையும் வீட்டில் எத்தனை உருப்படி என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கையெழுத்து வராதவர்களுக்கு மைப்பெட்டி வைத்திருக்கிறோம். ராத்திரியில் மாடு இழந்தவர்கள் அது எந்த மாதம், எந்த நோய் என்று தெரிந்தால் கடைசிக் கட்டத்தில் குறிப்பிடுங்கள். முதல் வரியில் என் மாட்டை எழுதிவிட்டேன்.