நியூ நெதர்லாந்து மூதாதையைத் தேடுவது: ஞானஸ்நான ஏட்டிலிருந்து நிலப் பட்டா வரை

[திரையில்: ஹட்சன் ஆற்றின் பழைய வரைபடம்]

1664-இல் ஆங்கிலேயர் பிடிப்பதற்கு முன் இன்றைய நியூயார்க் பகுதி 'நியூ நெதர்லாந்து' என்ற டச்சுக் குடியேற்றம். அங்கே வந்திறங்கிய ஒருவரைத் தேடுகிறவர்கள் முதலில் குடும்பப் பெயரைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். அப்போது பலருக்கு அப்படி ஒன்று கிடையாது. நம் இனிஷியல் மாதிரிதான்: யானின் மகன் பீட்டர், பீட்டர் யான்சன், அவர் மகன் கிளாஸ், கிளாஸ் பீட்டர்சன். ஒரே ஆள் இன்னொரு தாளில் 'ஃபன்' ('இந்த ஊரிலிருந்து' என்று பொருள்) போட்டு ஊர்ப்பெயரோடு வருவார், வேறொன்றில் தொழிலோடு. பெயரை விடுங்கள், கூட நிற்கிறவர்களைப் பிடியுங்கள்.

[திரையில்: ஞானஸ்நான ஏட்டின் ஒரு பக்கம், சாட்சிகள் பத்தி வட்டமிட்டு]

நியூ ஆம்ஸ்டர்டாம், அதாவது இன்றைய நியூயார்க் நகரின், டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் பதிவுகள் 1639-இலிருந்து இருக்கின்றன. ஹட்சன் ஆற்றோர ஊரான கிங்ஸ்டனில் 1660-இலிருந்து. அதற்கும் வடக்கே ஆல்பனியில் 1683-க்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவுகள் இல்லை; அங்கே பெயர் அகப்படவில்லை என்பதற்காகக் குழந்தையே பிறக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

தொடக்க ஆண்டுகளில் தாயின் பெயர் பெரும்பாலும் இருக்காது. சாட்சிகள் இருப்பார்கள், பலரும் நெருங்கிய உறவு. ஒரு தம்பதியின் எல்லாக் குழந்தைகளுக்கும் சாட்சிகளை ஒரே தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று முறை வருகிற பெயர் பெரியப்பாவாகவோ தாய்மாமனாகவோ அத்தையாகவோ இருக்கலாம். மூத்த குழந்தைகளுக்குத் தாத்தா பாட்டி பெயர் வைப்பது வழக்கம், அதுவும் துப்பு. பெண்கள் மணமான பிறகும் தந்தை வழிப் பெயரிலேயே வருவார்கள்.

திருமணப் பதிவில் 'யோங்மான் ஃபன் உட்ரெக்ட்' என்று இருந்தால், உட்ரெக்ட் ஊர்க்காரர், முன்பு மணமாகாதவர் என்று பொருள். 'இளைஞர்' என்று படித்து வயதைக் கணக்கிடுவதுதான் வழக்கமான தப்பு. நாற்பது வயதிலும் யோங்மான்தான்!

[திரையில்: பட்டாவின் படிமம்]

அடுத்து நிலம். பட்டாவில் பரப்பு 'மோர்கன்' கணக்கில் இருக்கும். ஒரு மோர்கன் ஏறக்குறைய இரண்டு ஏக்கர். நமக்கு வேண்டியது பரப்பைவிட நான்கெல்லை. பக்கத்து நிலக்காரர் பெயர்களை உங்கள் சாட்சிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் சரியான யான்சனிடம் வந்திருக்கிறீர்கள். 1664-க்குப் பின் ஆங்கிலேய ஆளுநர் நிக்கல்ஸ் பழைய பட்டாக்களைப் புதுப்பிக்கச் சொன்னார். அந்த உறுதிப் பட்டாக்கள் முந்தைய டச்சுப் பட்டாவையும் இடையில் கைமாறியதையும் பல நேரம் திரும்பச் சொல்லும். ஆல்பனியைச் சுற்றியிருந்த ரென்சலார்ஸ்வைக் என்ற பெரிய தனியார் பண்ணை நிலத்தில் மட்டும் பட்டா தேடி அலையாதீர்கள்; அங்கே குத்தகைதான், கணக்கேடுகளைப் பாருங்கள்.

தேதியில் கவனம். ஆங்கிலேயர் காலத்து அரசுத் தாள்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருப்பதால் இன்றைய நாட்காட்டிக்கு 10 நாள் பின்தங்கும். புத்தாண்டும் மார்ச் 25-தான். பிப்ரவரி 1680 என்பது நம் கணக்கில் 1681.

வந்த ஆண்டு வேண்டுமா? கிங்ஸ் கவுண்டியில், அதாவது இன்றைய புரூக்ளினில், 1687-இல் ஆங்கிலேய அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தவர்களின் பட்டியலில், வெளியிலிருந்து வந்தவர்கள் நாட்டுக்கு வந்து எத்தனை ஆண்டு என்று இருக்கிறது. கழித்துப் பாருங்கள். நினைவிலிருந்து சொன்ன எண், ஓரிரு ஆண்டு முன்பின் இருக்கலாம்.

[திரையில்: இரண்டு கையெழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில்]

கடைசியாகக் கடல் தாண்டுங்கள். பலர் கப்பலேறுமுன் ஆம்ஸ்டர்டாமில் மணமுடித்தார்கள். அந்நகர ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் திருமண அறிவிப்பு ஏடுகள் இலவசம்: வயது, சொந்த ஊர், தெரு, உடன் வந்த பெற்றோர் பெயர். கீழே மணமக்களின் கையெழுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு குறி. அதே கையெழுத்தோ குறியோ அமெரிக்கப் பத்திரத்தின் அடியிலும் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.