செத்த மீனும் எதிர்நீச்சல் போடும்: அலையைத் தின்று ஓடும் படகுகள்

[காட்சி: கண்ணாடித் தொட்டி. ஓடும் நீர். நடுவில் ஒரு தடித்த கம்பம். அதன் பின்னால் ஒரு மீன்.]

செத்த மீன்தான் ஆற்றோடு போகும் என்பார்கள். ஆனால் 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், செத்துப்போன டிரவுட் மீன் ஒன்று நீரோட்டத்தை எதிர்த்து முன்னேறியது.

அமெரிக்காவில் எம்ஐடி, ஹார்வர்ட் ஆய்வாளர்கள் செய்த சோதனை இது. ஓடும் நீரில் கம்பத்தை நட்டு, அதன் பின்னால் மீனை மெல்லிய நூலில் கட்டி விட்டார்கள். கம்பத்தைக் கடக்கும் நீர் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். அந்தச் சுழல்கள் பட்டதும் மீனின் உடல் தானாக நெளிந்தது. நெளிய நெளிய நூல் தொய்ந்தது, மீன் கம்பத்தை நோக்கி நகர்ந்தது. உயிர் இல்லை, தசை வேலை செய்யவில்லை. வளையும் உடலும், நீரில் ஏற்கெனவே இருந்த ஆற்றலும் சேர்ந்தே அதைத் தள்ளின.

இயற்கையைப் பார்த்துக் கப்பலை ஓட்டுவது என்றதும், வாலை ஆட்டும் ரோபோ மீன்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1990-களில் எம்ஐடி உருவாக்கிய ரோபோ டியூனா அந்த வகையில் பெயர் பெற்றது. அது அருமையான வேலைதான். ஆனால் கப்பலுக்கு அதைவிடப் பயன்படும் பாடம் இந்தச் செத்த மீனிடம் இருக்கிறது என்பது என் கருத்து. எரிபொருளை எரித்து நீரைத் தள்ளுவது ஒரு வழி. கடலில் சும்மா புரண்டுகொண்டிருக்கும் ஆற்றலைப் பிடித்து அதையே தள்ளுவிசையாக மாற்றுவது இன்னொரு வழி.

[காட்சி: மேற்பரப்புக்கு அருகே நீந்தும் திமிங்கிலம். கிடைமட்டமான வால் மேலும் கீழும் அசைகிறது.]

திமிங்கிலங்களுக்கும் இந்த வழி உதவக்கூடும். நீல் போஸ், ஜான் லியன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-ல் துடுப்புத் திமிங்கிலத்துக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். காற்று பலமாக வீசும் கடலில், எதிர் அலையில் நீந்தும்போது தேவையான ஆற்றலில் 25 சதவீதம் வரை அலையிலிருந்தே கிடைக்கலாம். பின்னிருந்து அலை வரும்போது 33 சதவீதம் வரை கிடைக்கலாம் என்று அது சொன்னது.

சரி, மேலும் கீழும் ஆடும் அலை எப்படி ஒரு படகை முன்னே தள்ளும்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

[காட்சி: படகின் பக்கவாட்டு வரைபடம். முன்முனைக்குக் கீழே, நீருக்குள் கிடைமட்டமான ஒரு தகடு.]

படகின் முன்முனைக்குக் கீழே, மீன் துடுப்பு போன்ற ஒரு தகட்டைப் படுக்கைவாக்கில் பொருத்துகிறோம். அதன் முன் விளிம்பில் கீல். பின் விளிம்பு ஆடலாம், ஆனால் ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்திருக்கிறது. அலை வருகிறது, முன்முனை எழுகிறது, தகடும் அதோடு மேலே போகிறது. மேலிருக்கும் நீர் தகட்டை அழுத்துவதால் பின் விளிம்பு கீழே சாய்கிறது. இப்போது தகட்டின் மேல்பரப்பு பின்பக்கம் பார்த்துச் சரிந்திருக்கிறது. அதன் மேல் விழும் அழுத்தம் கீழேயும் முன்னேயும் தள்ளுகிறது. அலை கடந்ததும் முன்முனை இறங்குகிறது. பின் விளிம்பு மேலே சாய்கிறது. இம்முறை அழுத்தம் மேலேயும் முன்னேயும் தள்ளுகிறது.

எழும்போதும் முன்னே, விழும்போதும் முன்னே. இந்த இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: படகு எழும்போது தகடு அதைக் கீழே இழுக்கிறது, விழும்போது மேலே தாங்குகிறது. அதாவது, ஆட்டமும் குறைகிறது.

யோசனை புதிதல்ல. 1895-லேயே, நேப்பிள்ஸ் விலங்கியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹெர்மன் லிண்டன் இப்படி ஒரு சிறு படகுக்குக் காப்புரிமை பெற்றார். பெயர் ஆட்டோநாட். அடியில் எஃகுத் தகடுகள். அலையை எதிர்த்தே ஓடியது. ஆனால் அது நீராவி இன்ஜின் கோலோச்சிய காலம்.

[காட்சி: பசிபிக் பெருங்கடல். சிறிய இரட்டை உடல் படகு.]

2008 மார்ச். ஹவாயிலிருந்து ஒரு படகு தனியாகக் கிளம்புகிறது. பெயர் சன்டோரி மெர்மெய்ட் 2. நீளம் 9.5 மீட்டர், மறுசுழற்சி செய்த அலுமினியத்தால் ஆனது. உள்ளே ஒரே ஒருவர்: ஜப்பானிய மாலுமி கெனிச்சி ஹோரி, வயது 69. 1962-ல் பாய்மரப் படகில் தன்னந்தனியாகப் பசிபிக்கைக் கடந்தவர் இவர்தான். இந்தப் படகின் முன்முனைக்கடியில் இரண்டு தகடுகள் இருந்தன. வடிவமைத்தவர் டோக்காய் பல்கலைக்கழகத்தின் யுதாகா தெராவோ. ஆபத்துக்கு உதவ மோட்டாரும் பாயும் இருந்தாலும், படகை ஓட்ட வேண்டியது அலைதான். ஜூலை தொடக்கத்தில் ஜப்பானின் கீ கால்வாயை அடைந்தார். ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர், சுமார் 110 நாள்.

வகுத்துப் பார்த்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. அலை சோம்பிக் கிடந்தால் படகும் சோம்பிவிடும். வேகத்தை நம் இஷ்டத்துக்குக் கேட்டு வாங்க முடியாது. ஆனால் அவசரமே இல்லாத வேலைகளும் கடலில் உண்டு.

வேவ் கிளைடர் என்ற ஆளில்லாக் கலம் அப்படிப்பட்டது. மேலே அலைச்சறுக்குப் பலகை அளவுக்கு ஒரு மிதவை. அதிலிருந்து சில மீட்டர் ஆழத்தில், கேபிளில் தொங்கும் வரிசையான இறக்கைகள். ஏன் இவ்வளவு கீழே? அலையின் ஆட்டம் மேற்பரப்பில்தான் பெரிது, ஆழம் போகப்போக அடங்கிவிடும். ஆடும் மிதவை, அமைதியான நீரில் கிடக்கும் இறக்கைகளை மேலும் கீழும் இழுக்கிறது. அந்த இழுப்பு முன்னோக்கிய தள்ளலாகிறது. கருவிகளுக்கு மின்சாரம் தர மேலே சூரியத் தகடுகள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய பாப்பா மாவ் என்ற கலம், 9,000 கடல் மைலுக்கு மேல் ஓடி 2012-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்தது.

அப்புறம், ஆள் ஏறும் கப்பலுக்கு வருவோம்.

[காட்சி: ஃபாரோ தீவுகள். அலை மோதும் குறுகிய கடல்வழியில் ஒரு ஃபெர்ரி.]

நார்வேயின் வேவ்ஃபாயில் நிறுவனம் இன்ஜினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, துணைக்கு ஆள் சேர்க்கிறது. முன்முனைக்குள் மடங்கிக்கொள்ளும் இரண்டு தகடுகள். அலை இருந்தால் வெளியே நீளும், கடல் அமைதியானால் உள்ளே போய்விடும். அலை இல்லாதபோது நீருக்குள் நிற்கும் தகடு வெறும் இழுசுமை என்பதால் இந்த மடக்கு வசதி முக்கியம். 2019-ல் வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளின் டெய்ஸ்டின் என்ற ஃபெர்ரியில் இதைப் பொருத்தினார்கள். எரிபொருளில் 5 முதல் 15 சதவீதம் மிச்சம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. குடலைப் புரட்டும் ஆட்டமும் குறையும்; பயணிகளுக்கு அதுதான் பெரிய லாபம்.

எல்லாக் கப்பலுக்கும் இது பொருந்தாது. 400 மீட்டர் கன்டெய்னர் கப்பல் சாதாரண அலைக்கு அசைந்துகொடுப்பதில்லை. முன்முனை ஏறி இறங்காவிட்டால் தகட்டுக்கு வேலை குறைவு. மின்சாதன நிறுவனமான ஏபிபி, அலையை நம்பாத வேறு பாதையில் போகிறது. 2023-ல் அறிவித்த அதன் டைனாஃபின், திமிங்கில வாலின் அசைவைப் பின்பற்றும் மின் உந்தி: சுழலும் பெரிய சக்கரம், அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். தள்ளுவதும் திருப்புவதும் அதே தகடுகள்தான்.

வாங்கும் விலையும் பராமரிப்பும் ஒருபுறம் இருக்கட்டும். ஆண்டில் பாதி நாள் அலையில் மோதியே ஓடும் ஃபெர்ரிகள், மீன்பிடிக் கப்பல்கள், காற்றாலைகளுக்கு ஆள் கொண்டுபோகும் கலங்கள் ஆகியவைதான் இந்தத் தகடுகளை முதலில் பொருத்திப் பார்க்க வேண்டியவை. அவை இன்று அலையை வெல்லவே டீசலை எரிக்கின்றன.