11 மாத வீடு, 12 வருட உயிர்

நேயர்களுக்கு வணக்கம். நாலு பேர் சேர்ந்து குடியிருக்கும் வாடகை வீட்டில் என்ன செல்லப்பிராணி வளர்க்கலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நம் சேலத்துக்கு ஏற்ற கேள்விதான். அம்மாபேட்டை, குகைப் பக்கத்து லைன் வீடுகளில் ஒரே முற்றத்தை ஐந்தாறு குடும்பங்கள் புழங்குகின்றன. கருப்பூர்ப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வீட்டை எடுத்து வாடகையைப் பிரித்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமிருந்தும் கால்நடை மருத்துவரான என்னிடம் வருகிற கேள்வி ஒன்றே: "டாக்டர், எந்த நாய் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "வீட்டு அக்ரிமென்ட் எத்தனை மாசம்?"

பெரும்பாலும் 11 மாதம். நாய் 10, 12 வருடம் இருக்கும். வீட்டோடு வளரும் பூனை 15 வருடம்கூட இருக்கும். அதனால் வீட்டைக் காலி செய்யும் நாளில் அந்த உயிர் யாரோடு போகும் என்பதை முதலில் பேசி முடித்துவிடுங்கள். "எல்லாருக்கும் பொது" என்று வாங்கிய குட்டிதான் கடைசி செமஸ்டர் முடிந்ததும் தெருவில் நிற்கிறது. அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஒருவர் பொறுப்பில் வாங்குங்கள். தடுப்பூசி அட்டையிலும் அவர் பெயர் இருக்கட்டும். மற்றவர்கள் கொஞ்சலாம், செலவில் பங்கும் கொடுக்கலாம்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அதிலேயே பிராணியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் சரி என்று சொல்லிவிடுவார். வீட்டம்மா என்ன சொல்கிறார் என்றும் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது நாய். பங்கு வீட்டுக்கு நாய்க்குட்டி வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு மாதக் குட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டும். எல்லாரும் வேலைக்கும் வகுப்புக்கும் போய்விட்டால் அது கத்தும், கதவைப் பிறாண்டும். பிறகு சங்கிலியில் விழும். ஆசைப்பட்டால், நாலைந்து வயதான நாட்டு நாயை எடுத்து வளர்க்கலாம். குணம் தெரிந்த நாய், ஓட்டமும் குறைந்திருக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடந்தோறும் கட்டாயம். குளிர் நாட்டு நாயான ஹஸ்கியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் சேலம் வெயிலை நம்மாலேயே தாங்க முடியவில்லை. மூக்கு சப்பையான பக் நாய்க்கும் அதே பாடு. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, அந்த மூச்சே பக்குக்குச் சரியாக வராது. 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. முயலும் அப்படித்தான். மலைமேல் சுகமாக இருக்கும், கீழே ஓட்டு வீட்டில் வெப்பம் தாக்கிச் சாகும். உயிரோடு இருந்தாலும் உங்கள் சார்ஜர் ஒயரைக் கடித்து வைக்கும்.

பூனை வாடகை வீட்டுக்குத் தோதானது. தனியாக இருக்கும், குரைக்காது, மண் தட்டைக் காட்டிவிட்டால் அங்கேயே போகும். ஆனால் சேலத்தில் நான் ஒன்று கேட்டே ஆக வேண்டும்: வீட்டில் தறி இருக்கிறதா? தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் ஏறி நகம் போட்டால் ஒரு சேலை போயிற்று என்பது உங்களுக்கே தெரியும். அதைவிட மோசம், தார்க்குச்சியில் நூல் சுற்றும் இடத்தில் கிடக்கும் துண்டு நூல். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருப்பதால் நூல் வாய்க்குள் போனால் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொள்ள, குடல் அந்த நூலின்மேல் சுருங்கிச் சேரும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தது போல. பட்டு நூலும் ஜரிகையும் குடலை அறுத்தேவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். தறி வீட்டில் பூனை வேண்டுமென்றால் தறி அறைக்குக் கதவு வேண்டும்.

பூனைக்கு ஐந்தாறு மாத வயதில் கருத்தடை செய்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த இரண்டு மாதத்தில் முற்றம் முழுக்கக் குட்டி, ஐந்து குடும்பத்தோடும் சண்டை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மண் தட்டை வேறு ஒருவர் தினமும் சுத்தம் செய்யட்டும். பூனைக் கழிவிலுள்ள டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அன்றன்றே எடுத்துவிட்டால் பயமில்லை. இதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை.

கிளி பேசும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பார்கள். நம் பச்சைக்கிளியை வளர்ப்பதும் நட்சத்திர ஆமையை வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆமை அதிர்ஷ்டம் தரும் என்று வாங்கியவருக்கு வனத்துறைதான் வந்து சேரும். ஆஸ்திரேலிய இனமான பட்ஜரிகர், கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது, வளர்க்கலாம். ஜோடியாக வைக்க வேண்டும். விடியற்காலையிலேயே சத்தம் போடும், பக்கத்து அறைக்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பறவைக்குப் புகை ஆகாது. நான்-ஸ்டிக் தவா அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் அந்தப் புகையே கொன்றுவிடும். சிவதாபுரம் பக்கம் வீட்டோடு வெள்ளி உருக்கும் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள் பறவையை மறந்துவிடலாம்.

மீதி இருப்பது மீன். பங்கு வீட்டில் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம், தங்கமீனும் வேண்டாம். அது பெரிதாக வளரும். கப்பி என்ற சின்ன மீன் போதும். இல்லையென்றால் ஒரே ஒரு ஃபைட்டர் மீன். அது மேலே வந்து காற்றை நேராகவே குடிக்கும், கரன்ட் போனாலும் தாங்கும். 60 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டும் 60 கிலோ, மாடியில் எங்கே வைப்பது என்று யோசித்து வையுங்கள். மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் கலந்து வருகிறது. வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்து ஊற்றுங்கள். எல்லா மீனையும் முதல் நாளே விடாதீர்கள். கழிவின் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகச் சில வாரம் பிடிக்கும். பிறகு வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும்.

பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போனாலும் நன்றாக வளர்ந்த மீன் மூன்று நாள் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டுப் பையனிடம் மட்டும் தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பாசத்தில் முழுவதையும் கொட்டிவிடுவான். வணக்கம்.