கையெழுத்து அவனுடையது, கொடுத்தது நாங்கள்

நடுவர் அவர்களே, ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை பார்த்த களைப்போடு இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் சேலம் குகைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"உறுப்பு தானத்தில் இறுதி முடிவு கையெழுத்துப் போட்டவருடையதா, வீட்டாருடையதா?" இதுதான் தலைப்பு. நான் வீட்டார் பக்கம். எதிரணித் தலைவர் சற்று முன் கேட்டார்: "என் உடம்பு, என் உரிமை. உயிரோடு இருக்கும்போது நான் போட்ட கையெழுத்தை, செத்த பிறகு என் மச்சான் வந்து எப்படி மாற்றலாம்?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். மூன்றாவது வரிசையில் இருக்கும் அவருடைய மச்சான் மட்டும் தட்டவில்லை.

கண்ணப்பர் யாரிடம் சம்மதம் கேட்டார் என்றும் எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா, கண்ணப்பர் தன் கண்ணைத் தன் கையாலேயே எடுத்தார். மூளைச்சாவு அடைந்தவர் அப்படி எடுத்து நீட்ட முடியாதே! இன்னொரு கைதான் நீள வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதுதான் இங்கே வழக்கு.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி ஓமலூர் தாண்டி பைக்கில் வரும்போது விபத்து. வயது 27. மூன்றாம் நாள் காலையில் டாக்டர் எங்களை உட்கார வைத்து 'மூளைச்சாவு' என்றார். அம்மா அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "கை சூடா இருக்குதுங்களே?"

இந்தக் கேள்விக்கு எந்த உறுப்பு தான அட்டையிலும் பதில் அச்சடிக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறது, மானிட்டரில் கோடு ஓடுகிறது. அது வென்டிலேட்டர் விடும் மூச்சு என்று புத்திக்குத் தெரியும், பெற்ற வயிற்றுக்குத் தெரியாது. இதை யோசித்துத்தான் சட்டம் எழுதியிருக்கிறார்கள். 1994-ல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் சோதிக்க வேண்டும். உறுப்பை மாற்றி வைக்கும் குழுவைச் சேர்ந்தவர் அதில் இருக்கக் கூடாது. குறைந்தது 6 மணி நேரம் விட்டு மறுபடியும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். கண்மணியில் டார்ச் அடிப்பார்கள், காதில் ஜில்லென்று தண்ணீர் விடுவார்கள், கடைசியாக மெஷினைக் கழற்றித் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கடைசிச் சோதனையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க எங்களை விட்டார்கள். அம்மா பார்த்தாள். நெஞ்சு அசையவில்லை. வராண்டாவுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரியின் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் வந்தார். தம்பியின் பர்ஸைத் திறந்தபோதுதான், அவன் உறுப்பு தான அட்டை வைத்திருந்தது எங்களுக்கே தெரிந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்திருந்தான். அம்மா வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: "அவன் ஆசைப்பட்டதக் குடுத்துருங்க. கண்ண மட்டும் விட்டுருங்க." இதயம், கல்லீரல், இரண்டு கிட்னி போயின. கண் அவனோடு வீட்டுக்கு வந்தது.

எதிரணி இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அவன் கண்ணையும் எழுதி வைத்திருந்தானே, ரெண்டு பேருக்குக் கிடைக்க வேண்டிய பார்வை போயிற்றே என்பார்கள். உண்மைதான். அந்தக் கணக்கு எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அட்டை மட்டும் போதும் என்று இருந்திருந்தால்? அம்மா கோர்ட்டுக்கெல்லாம் போயிருக்க மாட்டாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் "கேக்காமலே எடுத்துக்கிட்டாங்க" என்று மட்டும் சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தை போதும், எங்கள் தெருவில் அப்புறம் ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இந்தப் பயம் நம் பக்கத்துக்குப் புதிதா? பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில் கடனில் மாட்டிக்கொண்ட விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னியை விலை பேசிய விவகாரம் 2025-ல் பேப்பரில் நாறியது. இந்தக் கூட்டத்திலும் தறி ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் வந்து, 'இனிமேல் வீட்டாரைக் கேட்க மாட்டோம்' என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள்?

ஸ்பெயினைப் பாருங்கள் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். பார்ப்போம். 'வேண்டாம்' என்று சொல்லி வைக்காத எல்லோரும் கொடையாளிதான் என்று 1979-லேயே சட்டம் போட்ட நாடு. இறந்தவர் உறுப்பு தானத்தில் உலகத்தின் முன்வரிசையில் நிற்கும் நாடு. ஆனால் அங்கே இன்றைக்கும் வீட்டாரைக் கேட்காமல் எடுப்பதில்லை. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சாளர் பாதிப் பக்கம்தான் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

அவ்வளவு தூரம் எதற்கு? 2008-ல் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரன். விபத்தில் மூளைச்சாவு அடைந்த பள்ளிக்கூடப் பையன். அந்த வயதில் அவனுக்கு ஏது கையெழுத்து? முடிவெடுத்தவர்கள் அப்பாவும் அம்மாவும், இருவருமே டாக்டர்கள். அவன் இதயம் ஒரு சிறுமிக்குப் போனதைப் பார்த்துத்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் இதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தன.

குடும்பம் எடுக்கும் முடிவெல்லாம் நல்ல முடிவு என்று நான் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவர் கிட்னி கொடுக்கும் இடத்தில், கணவனுக்குப் பழுது என்றால் எல்லோர் கண்ணும் மனைவி பக்கம் திரும்பும். மனைவிக்குப் பழுது என்றால் வீடே வாயை மூடிக்கொள்ளும். அது வேறு பட்டிமன்றம். நடுவர் மேடை போட்டுக் கொடுத்தால் அங்கே நான் எதிரணியிலேயே உட்காருகிறேன்.

கொடையாளிகளின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். தம்பிக்கும் அதிகாரி வந்து மாலை வைத்தார். வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துத்தான் கும்பிட்டார்.

முதல் வருஷத் திதி முடிந்த மறுவாரம், அம்மா தன் பெயரையும் பதியச் சொன்னாள். போனில் ஆதார் எண்ணைப் போட்டுப் பதிந்துகொண்டே, "கண்ணும் சேத்தாம்மா?" என்று கேட்டேன். "என் கண்ணத் தாராளமா எடுத்துக்கட்டும். அவன் கண்ணத்தான் என்னால குடுக்க முடியல" என்றாள். சான்றிதழ் வந்தது. காட்டினேன், பார்க்கவில்லை. "அது கெடக்கட்டும். அன்னிக்கு வந்து கேக்கறப்ப நீதான் சொல்லணும். சொல்லுவியா கண்ணு?"

நடுவர் அவர்களே, என் நேரம் முடிந்தது. நன்றி, வணக்கம்.