பாதி மாடிக்குச் சுண்ணாம்பு

நேயர்களுக்கு வணக்கம். சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடம் எது என்று கேட்டால், கூரைமேல் சூரிய மின்தகடு பதித்த கட்டடம் என்றே பலரும் சொல்கிறார்கள். தகடு நல்லதுதான், ஆனால் அது கட்டி முடித்த பிறகு ஏற்றி வைப்பது. ஒரு வீடு எவ்வளவு மின்சாரம் தின்னும், எவ்வளவு சிமெண்ட் தின்னும் என்பவையெல்லாம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்த நான் கண்டவரையில், கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன.

முதலில் வெயிலைப் பேசுவோம். தருமபுரி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரையில் ஒருமுறையும் ஆவணித் தொடக்கத்தில் ஒருமுறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. சுவர்களைக் காட்டிலும் கூரைதான் நமக்கு அடுப்பு. பகல் முழுவதும் வெப்பத்தைக் குடித்த கான்கிரீட் தளம், இரவு பத்து மணிக்கு மேலும் அதைக் கீழே இறக்கிக்கொண்டே இருப்பதை, மின்விசிறிக்கு அடியில் புரண்டு படுக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

இந்த இடத்தில் என் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில், மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்தேன். பாதி மாடி முடிந்தபோது சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. அடித்தவரும் ஊர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டுவிட்டார். மாடிக்குக் கீழே இரண்டு அறைகள்: ஒன்றின் தலைக்குமேல் வெள்ளை, மற்றொன்றின் தலைக்குமேல் பழைய கருத்த தளம். விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்த பேரப்பிள்ளைகளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு பார்க்கிறேன், பாய்களையெல்லாம் இழுத்து வந்து வெள்ளைக்குக் கீழுள்ள அறையில் போட்டுப் படுத்திருக்கிறார்கள். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு நானே வெறுங்காலோடு மாடிக்குப் போனேன். வெள்ளைப் பகுதியில் நிற்க முடிந்தது; கருத்த பகுதியில் மூன்றடிகூட வைக்க முடியவில்லை. அந்தக் கோடை முழுவதும் மீதிப் பாதியை வேண்டுமென்றே அப்படியே விட்டுவைத்து, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் மாடிக்கு அழைத்துப்போய், செருப்பைக் கழற்றி நிற்கச் சொன்னேன். மழையில் சுண்ணாம்பு கரையும், உண்மைதான். ஆண்டுக்கு ஒருமுறை பங்குனியில் அடித்துக்கொள்ளலாம். ஆகவே சொல்கிறேன்: அறைக்குக் குளிரூட்டி வாங்கும் முன் கூரையை வெளுப்பாக்குங்கள்.

கூரைக்கு அடுத்தது மேற்குச் சுவர். மாலை வெயில் தாழ்வாக வந்து நேரே அதன்மேல் அடிக்கிறது. படுக்கையறையை அந்தப் பக்கம் வைக்காமல், சமையலறைக் கிடங்கையோ மாடிப்படியையோ வையுங்கள். இடம் இருந்தால் ஒரு புங்கமரம் நடுங்கள்.

இனி, எதைக்கொண்டு கட்டுவது? சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடுகிறார்கள். எரிபொருள் விடும் புகை ஒருபுறமிருக்க, அந்தக் கல்லே சிதைந்து கரியமில வாயுவை வெளியிடுகிறது; சிமெண்ட் ஆலையின் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருவது. எனவே எவ்வளவு குறைவாக வாங்குகிறோமோ அவ்வளவு நன்மை. நம் செம்மண்ணோடு நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சிமெண்ட் மட்டும் கலந்து, பொறியில் அழுத்தி, சூளையில் சுடாமல், தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தும் மண்கற்களைக் குறித்து, பக்கத்திலுள்ள பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1970களிலிருந்தே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். களிமண் மிகுந்த மண் ஆகாது. மணல் கலந்த செம்மண்ணே ஏற்றது. செங்கல்லே வேண்டும் என்பவர்கள், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையைக் கேட்டுப் பாருங்கள். கற்களைப் படுக்க வைக்காமல் நீள விளிம்பில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் அம்முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் உறுதியாக நிற்கும் ஓட்டு வீடு உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால், அதை இடிக்காமல் பழுதுபார்ப்பதைவிடச் சூழலுக்கு உகந்த கட்டடம் எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நேரம் முடியப்போவதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். மழைநீரைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். சுருக்கமாகவேனும் சொல்லாமல் எழ மாட்டேன். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் தண்ணீர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 80,000 லிட்டர். நம் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலப்பதால் பல்லில் கறையும் எலும்பில் நோயும் வந்த ஊர்கள் இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கூரையில் விழும் மழையில் அந்த ஃபுளோரைடு இல்லை. குழிக்குள் இறக்குவதோடு நில்லாமல், மூடிய தொட்டி ஒன்றிலும் பிடித்துவையுங்கள். சுண்ணாம்பு அடித்த மாடியாயினும் ஓடாயினும், முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் தனிக்குழாய் வழியாக வெளியேற்றிவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள். வணக்கம்.